நாட்டின் மேல் உட்கார்ந்த ஆந்தை

நான் எஸ்தோனியாவுக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் அங்கே சேரவில்லை. ஆகவே நானும் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் ஊரில் இது வழக்கம்தான். வெளிநாட்டுக்கு அட்டை போட்டவர்கள், அது சேரும் வரை வழியில் இருப்பவர்கள். வழியில் இருப்பவர்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் இலை போடுவதில்லை. அந்த விஷயத்தில் பண்பான ஊர்.

மற்ற நேரமாக இருந்தால் நானும் பொறுமையாக வழியில் இருந்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் மகள் மிருதுளாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரோடு தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியது பெண்ணின் அப்பா. ஒரே மகள். ஒரே தட்டு. அதை நான்தான் மாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினேன். என் மனைவி வசந்தாமணி திறந்தாள். கையில் மஞ்சள் பூசிய தேங்காய் வைத்திருந்தாள்.

"யாரைப் பாக்கோணுமுங்க?"

"வசந்தா, நான்தான்."

"அவரு இன்னும் வந்து சேர்லீங்க."

"எப்ப வருவாரு?" என்று கேட்டேன். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அட்டை போட்டிருக்காருங்க. சேந்ததும் வந்துருவாரு. தண்ணி குடிக்கறீங்களா?"

குடித்தேன். என் டம்ளர்தான். விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. குடித்து முடித்ததும் அதை வாங்கி, விருந்தாளிகளுக்கான டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே என் நாற்காலியில் பருமனான ஒரு மனிதர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் வேட்டியைக் கட்டியிருந்தார். கரை வெளியே தெரியும்படி ஒழுங்காகக் கட்டியிருந்தார். எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"இவரு ஒதாவியோ அண்ணன். பிரேசில்ல பல் டாக்டரு," என்றாள் வசந்தாமணி. "புதன்கிழமை இவரு போட்ட அட்டை வந்துச்சு. அட்டை வந்தா ஆளும் வந்தாச்சுன்னுதானுங்களே அர்த்தம்."

மறுக்க முடியவில்லை. உலகம் முழுக்க அட்டை பரிமாறிக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில்தான் நான் சேர்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் முகவரி நமக்கு வரும். அவருக்கு நாம் ஓர் அட்டை போட வேண்டும். அது சேர்ந்த பிறகு, முன்பின் தெரியாத இன்னொருவர் நமக்குப் போடுவார். நான் ஹெல்வி என்ற அம்மாளுக்குப் போட்டேன். அதுதான் என் முதல் அட்டை. அது சேர்வதற்குள் ஒதாவியோ முந்திக்கொண்டார். தபாலில் இதெல்லாம் சகஜம்.

"வாங்க, உக்காருங்க," என்றார் ஒதாவியோ. எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசினார். வந்து சேர்ந்தவர்களுக்கு மொழி ஒரு பிரச்சினையே இல்லை.

நான் உட்காரவில்லை. வசந்தாமணியிடம், "ஞாயித்துக்கிழமை தட்டு யாரு மாத்தறாங்க?" என்று கேட்டேன்.

"அவரு வந்துட்டா அவருதானுங்க. வர்லீன்னா ஒதாவியோ அண்ணன்."

"பொண்ணுக்குச் சித்தப்பா ஒருத்தர் இருக்காருங்களே?"

"அவரு போலந்துக்கு ஒண்ணு போட்டிருக்காருங்க."

"தாய்மாமன்?"

"ஜப்பானுக்கு. புது வருச வாழ்த்து. போன வருசம் போட்டது."

சொல்லிவிட்டு அவள் தேங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்தேன். வெளியே நின்றேன்.

கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் என்னிடமே, "ஓனரு எப்பங்க வருவாரு?" என்று கேட்டார்கள். நாளைக்கு என்றேன். ஒருவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நல்லாத் தெரியுது, கடையில யாருமே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். வியாபாரத்துக்கு அது நல்ல விஷயம்தான். மனசுக்குத்தான் என்னவோ செய்தது.

மத்தியானம் மிருதுளா வந்தாள். பக்கத்துத் தையல்கடையில் ரவிக்கை வாங்க வந்தவள். எனக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்களும் அப்பாவுக்குத்தான் வெயிட் பண்றீங்களா?"

"ஆமாம்மா."

"வந்துருவாருங்களா?"

"வந்துருவாரு."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒதாவியோ மாமா நல்லவருதான். ஆனா அவரு தட்டு மாத்துனா அது யாரோ ஒருத்தரு பொண்ணோட நிச்சயம் மாதிரி இருக்குமுங்க. எனக்கு எங்கப்பாதான் வேணும்."

என்னால் தாங்க முடியவில்லை. அவள் தலையில் கை வைக்கப் போனேன். அவள் மரியாதையாக விலகிக்கொண்டாள். தெரியாத ஆள் தலையில் கை வைக்க வந்தால் எந்தப் பெண்ணும் விலகத்தான் செய்வாள். நான் அவளை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"அங்கிள், அவரைப் பாத்தீங்கன்னா சீக்கிரம் வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொல்கிறேன் என்றேன். அவள் தெருமுனை திரும்பும் வரை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை காலை அயல்நாட்டு அட்டை நிலையத்துக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர், "எங்க இறங்கறீங்க?" என்றார். அட்டை நிலையம் என்றேன். "அப்ப நீங்க இன்னும் ஏறவே இல்லீங்க," என்று டிக்கெட் கொடுக்காமல் நகர்ந்துவிட்டார். ஒரு அம்மாள் என் மடியில் வாழைத்தாரை வைத்தார். காலி இடம் என்று நினைத்திருப்பார். இறங்கும் வரை அதை விழாமல் பிடித்துக்கொண்டேன்.

நிலையத்தின் வாசலிலிருந்தே கவுன்ட்டர் தெரிந்தது. நடந்தேன். நான் நடக்க நடக்க நடைக்கூடம் நீண்டது. வாட்ச்மேன் ஆறுதல் சொன்னார்.

"காலைல கம்மிதான் சார். மத்தியானமா வந்தீங்கன்னா இன்னும் இழுக்கும்."

வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நீண்டது. மெதுவாக நடந்து பார்த்தேன். அது கொஞ்சம் அசந்தது. அந்தச் சமயம் பார்த்து ஓடிவிட்டேன்.

இரண்டு பக்கமும் பெஞ்சுகள். பெஞ்சுகளில் அட்டைகள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் வழியில் இருப்பவை. நார்வேக்குப் போக வேண்டிய கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. ஒருவர் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பொங்கல் வாழ்த்துகள் ஒரு மூலையில் பொங்கிக் காய்ந்து கிடந்தன. யாரும் யாரோடும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது.

கவுன்ட்டரில் சுலோச்சனா என்ற அம்மாள் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகை இருந்ததால் பெயர் தெரிந்தது.

"மேடம், என் அட்டை எஸ்தோனியாவுக்குப் போகணும்."

"பேரு?"

"சென்னியப்பன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவரு இன்னும் வந்து சேரலையே."

"தெரியும் மேடம். அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

"நீங்க யாரு?"

"அவரு சார்பா வந்திருக்கேன்."

உடனே அவர் முகம் தெளிந்தது. என் சார்பாக நான் வருவதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து ஒரு பெஞ்சைக் காட்டினார். என் அட்டை அங்கே இருந்தது. ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"பாருங்க சார். வீட்டு நம்பர் இருக்கு. தெரு இருக்கு. ஊரு இருக்கு. நாடு இல்ல."

"எழுதினேனே. எழுதினாரே."

"எழுதியிருப்பாரு. ஆந்தைக்கு அடியில இருக்கும்."

அப்போதுதான் புரிந்தது. இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்கு என்ன பிடிக்கும் என்று நாலு வரி எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அட்டை தேர்ந்தெடுப்பது, அதற்கு ஏற்ற ஸ்டாம்ப் தேடுவது எல்லாம் ஒரு மரியாதை. ஹெல்வி அம்மாளுக்கு ஆந்தை பிடிக்கும். நான் அலைந்து திரிந்து ஆந்தை ஸ்டாம்ப் வாங்கினேன். நல்ல பெரிய ஸ்டாம்ப். ஒன்று போதாது என்று வரிசையாக ஒட்டினேன். கடைசி ஆந்தைக்கு இடம் இல்லை. அது கோணாமல் நேராக நிற்க வேண்டும் என்று பார்த்தேனே தவிர, எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

"அது எஸ்தோனியா மேடம்."

"நீங்க சொன்னா போதுமா? அனுப்பினவரு சொல்லணும்."

"அவரு வரலையே."

"அதனாலதான் நாங்களே கேட்டுட்டிருக்கோம். அகர வரிசையில ஒவ்வொரு நாடாப் போயி, இது உங்களோடதான்னு கேக்கறோம். அங்கோலா முடிஞ்சுது. ஆஸ்திரியா முடிஞ்சுது. இப்ப 'உ' பூராவும் முடிஞ்சாச்சு."

எனக்கு நம்பிக்கை வந்தது. "அப்ப அடுத்தது எஸ்தோனியாவோட 'எ'தானே?"

"நடுவுல 'ஊ' இருக்கே."

"அதுல நாடே கிடையாதே மேடம்."

"கிடையாதுன்னு உறுதி பண்ணணும்ல. அதுக்கே ஒரு மாசம் ஆகும்."

"நாளைக்கு நிச்சயதார்த்தம் மேடம். காலைல ஒன்பதுலருந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள அவரு வந்தாகணும்." நான் கெஞ்சினேன். கெஞ்சுவதில் எனக்கு வெட்கமே இல்லை. "அந்த ஸ்டாம்ப்பை மட்டும் உரிச்சிடறேன்."

கையை நீட்டினேன். அட்டை பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டது.

"வழியில இருக்கற அட்டைய வழியில இருக்கற ஆளு தொட முடியாது சார். நீங்க யாரு சார்பா வந்தீங்களோ, அவரும் வழியிலதானே இருக்காரு?" அவருக்குச் சின்ன சந்தேகம் வந்திருக்க வேண்டும். டெலிபோனை எடுத்து என் வீட்டுக்குப் பேசினார். வசந்தாமணியின் குரல் எனக்கும் கேட்டது.

"அவரு இன்னும் வந்து சேர்லீங்க மேடம். யாரோ ஒருத்தரு நேத்து வந்து தண்ணி குடிச்சுட்டுப் போனாரு."

சுலோச்சனா அம்மாள் போனை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வந்து சேந்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. அவங்க தொடலாம்."

திரும்பி வரும்போது நடைக்கூடம் இன்னும் நீளமாக இருந்தது. வாசலை அடைந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு வரிசை நின்றது. ஒதாவியோ அக்கம்பக்கத்தாரின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகப் பேச வேறு வழி தெரியவில்லை. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"எங்க வலி?"

திறந்த வாயோடு எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஆந்தை, 'ஊ', நாளைக்குக் காலை நல்ல நேரம். பல் மருத்துவர் என்பதால் அவருக்கு ஒரு வார்த்தை தவறாமல் புரிந்தது.

"நீங்க சென்னியப்பன்தானே?" என்றார்.

நான் ஆடிப்போனேன். "எப்படித் தெரியும்?"

"அட்டையில உங்க பேர நானே கைப்பட எழுதினேன். எழுதறப்ப ஒரு முகம் தோணுமில்ல? இந்த முகந்தான்."

வழியில் இருக்க ஆரம்பித்ததிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு அழுவது சிரமம். அவர் பஞ்சு கொடுத்தார்.

"அண்ணா, நாளைக்குக் காலைல வந்து அந்த ஸ்டாம்ப்பை எடுத்துக் குடுப்பீங்களா?"

"எடுக்கலாம். கடவாப் பல்ல விடச் சுலபம்." கருவிகளைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "ஆனா ஒண்ணு. எனக்கும் ஊர்ல ஒரு பையன் இருக்கானுங்க. புதன்கிழமை அவனுக்குப் பட்டமளிப்பு விழா. முன் வரிசையில எனக்கு நாற்காலி போட்டிருந்தாங்க."

"போகலீங்களா?"

"அன்னைக்குத்தான் இங்க வந்து சேந்துட்டேனே."

"அவங்க உங்களைத் தேடலையா?"

"எதுக்குத் தேடறாங்க? சேந்துட்டேன்னு தெரிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு கை தட்டுனாங்களாம்." என் முகத்தையே பார்த்தார். "இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையிலா இருந்தேன்? எனக்கு நாளைக் காலை என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. வந்தால் போதும் அண்ணா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் பின்னால் நின்றவர், "பல்லைக் காட்டியாச்சுன்னா எந்திரிங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் போனோம். ஒதாவியோவுக்குக் கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். நிலையத்தில் நடைக்கூடம் அவருக்கு நாலு எட்டில் முடிந்தது. நான் அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விட்டேன். சுலோச்சனா அம்மாள் அன்றைக்குத் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தார்.

அட்டை ஒதாவியோவிடம் சண்டித்தனம் செய்யவில்லை. அவர் அதை நாற்காலியில் சாய்வாக உட்கார வைத்தார். ஆந்தையைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்தார். ஆந்தை கண்ணை விழித்துக்கொண்டு என்னையே பார்த்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முடிஞ்சுது," என்றார் ஒதாவியோ. "கொஞ்ச நேரத்துக்குச் சூடா எதுவும் குடுக்காதீங்க."

எஸ்தோனியா. என் கையெழுத்துதான். அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

"அட, எஸ்தோனியாவா!" என்றார் சுலோச்சனா அம்மாள். உள்ளே திரும்பி, "ஏம்ப்பா, 'ஊ'வ நிறுத்திடுங்க!" என்று கத்தினார். பிறகு அட்டையை எடுத்துச் சுவரில் இருந்த ஒரு சந்துக்குள் போட்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"நாடு தெரிஞ்சுட்டா நேரம் எதுக்கு சார்? போங்க, ஓடுங்க. நல்ல நேரம் முடியப் போகுது."

ஓடினோம். ஒதாவியோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் சட்டையெல்லாம் வேர்வையாக ஓடினேன். தெருக்கள் வழிவிட்டன. ஒரு தெரு மட்டும் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. நாகஸ்வரம் வாசித்தார்கள். மேடையில் மாப்பிள்ளையின் அப்பா தட்டோடு நின்றிருந்தார். தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், புடவை. எதிரில் ஆள் இல்லாமல் அவர் கை வலித்துப்போய் நின்றிருந்தார். மிருதுளா தலை குனிந்திருந்தாள். வசந்தாமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒதாவியோ அண்ணா, சீக்கிரம் வாங்க! நேரமாயிருச்சு!"

ஒதாவியோ என்னை முன்னால் தள்ளினார். "தங்கச்சி, இவரப் பாரும்மா."

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலத்தான் முதலில் பார்த்தாள். நான் மேடைப் படிகளில் ஏறினேன். கையை நீட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அப்போது வசந்தாமணியின் முகம் மாறியது. கண் விரிந்தது. வாய் விட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க! வந்து சேந்துட்டீங்களா!"

மண்டபமே திரும்பியது. மிருதுளா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"அப்பா!"

தட்டின் விளிம்பு என் விரல் நுனியில் பட்டது. சில்லென்று இருந்தது.

நான் ஒரு சமையலறையில் நின்றிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை தூறியது. எதிரில் வெள்ளை முடியோடு ஒரு அம்மாள் என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நீட்டிய என் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"வாங்க, வாங்க," என்றார் ஹெல்வி அம்மாள். "நல்லபடியா வந்து சேந்துட்டீங்க."

அவர் எந்த மொழியில் பேசினார் என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் கைகளில் ஒரு காப்பிக் கோப்பையை வைத்தார். நீட்டிய கைகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

"அம்மா, ஒரு போன் பண்ணிக்கலாங்களா?"

"தாராளமா."

முதல் மணியிலேயே வசந்தாமணி எடுத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"நல்லபடியா சேந்துட்டீங்களாமே! இங்க எல்லாரும் கை தட்றாங்க, கேக்குதுங்களா?"

கேட்டது. மண்டபம் முழுக்கத் தட்டினார்கள். கெட்டிமேளம் வேறு சேர்ந்துகொண்டது.

"வசந்தா, தட்டு என்னாச்சு?"

"ஒதாவியோ அண்ணன் டக்குனு கைய நீட்டிட்டாருங்க. இல்லீன்னா கீழ விழுந்திருக்கும். நல்ல நேரத்துக்குள்ள மாத்தியாச்சு. நீங்க கவலைப்படாதீங்க. அங்க குளுருமாம், ஸ்வெட்டர் கேட்டு வாங்கிப் போடுங்க. பந்தி ஆரம்பிச்சுட்டாங்க, வெச்சுடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு அதை அதன் இடத்தில் வைத்தேன். துக்கமாக இருந்தது. மிகவும் துக்கமாக இருந்தது. அந்த வீட்டில் அதற்கு இடம் எது என்று தெரியாததால் மேஜை அருகே உட்கார்ந்தேன்.

ஹெல்வி அம்மாள் கருப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அட்டையைத் திருப்பி, நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

"'அன்புள்ள ஹெல்வி அம்மாவுக்கு, வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் பக்கம் பெண்ணின் அப்பாதான் தட்டு மாற்றுவார். அதை நினைத்தால் இப்போதே சந்தோஷமாக இருக்கிறது. நடந்து முடிந்ததும் விவரமாகச் சொல்கிறேன்.'"

அட்டையைக் கீழே வைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே? சொல்லுங்க."

"மண்டபம் நிறைய ஆளுங்க," என்றேன். "நாகஸ்வரம் வாசிச்சாங்க."

"அப்புறம்?"

"மாப்பிள்ளையோட அப்பா தட்டைக் குடுத்தாரு."

"நீங்க வாங்கினீங்க."

"வாங்கினேன்."

"கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார். மழை கொஞ்சம் பலத்தது. ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மக என்ன பண்ணினா?"

"தலையைத் தூக்கி என்னைப் பாத்தா."

"ஏதாவது சொன்னாளா?"

"அப்பான்னு கூப்பிட்டா," என்றேன்.